பிரஸ்ஸல்ஸில் கிளம்பிய அதிகாரம் கார்டிஃப் வந்து சேர்ந்ததா?

மழைநாட்டான் · நியூபோர்ட் · 8 நவம்பர் 2025, இரவு 9.40

வேல்ஸ் அவைக்கான கேர்ஃபிலி இடைத்தேர்தல் முடிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. எங்கள் ஆபீஸில் இன்னும் அதே பேச்சுதான். தலைமுறை தலைமுறையாக லேபர் கட்சிக்கே குத்திய ஊர் அது. அங்கே லேபருக்கு 11 சதவீதம், வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரிக்கு 47, வலதுசாரி ரிஃபார்ம் கட்சிக்கு 36. சாப்பாட்டு நேரத்தில் என்னோடு வேலை பார்க்கும் வெல்ஷ்காரர் ஒருவர், "இதைப் பார்க்க ஸ்டெஃபன் இல்லையே" என்றார். யாரென்று எனக்குத் தெரியவில்லை. பதினொரு வருஷமாக இங்கே வரி கட்டுகிறவன், கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வார இறுதியில் உட்கார்ந்து படித்தேன். அதன் விளைவு இந்த இழை.

ஸ்டெஃபன் லூயிஸ், பிளைட் கம்ரி. 2016 மே மாதம் தென்கிழக்கு வேல்ஸ் கட்சிப் பட்டியலிலிருந்து, வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் இருக்கும் அவைக்குப் போனார். அப்போது அவருக்கு 31 வயது, அவையிலேயே இளையவர். அடுத்த மாதமே பிரெக்சிட் வாக்கெடுப்பு, அதாவது பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறுவதா என்று. அவர் வட்டாரத்துக்குள்தான் பிளைனை குவென்ட் இருக்கிறது. 62 சதவீதம் பேர் 'வெளியேறு' என்று குத்திய ஊர், வேல்ஸிலேயே அதுதான் அதிகம். மனுஷரோ ஐரோப்பாவோடு இருக்க வேண்டும் என்றவர். தன்னை அனுப்பிய மக்கள் ஒரு பக்கம், தன் மனசு ஒரு பக்கம். அவர் மக்களோடு சண்டை பிடிக்கவில்லை. வெளியேறுவது முடிவாகிவிட்டது, அதற்குப் பிறகு எந்த அதிகாரம் யார் கைக்குப் போகிறது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார். 2017 ஜனவரியில் வெல்ஷ் அரசும் பிளைட் கட்சியும் சேர்ந்து வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் அவர் பங்கு பெரிது. வாக்கெடுப்பை மாற்று என்று அது கேட்கவில்லை. ஐரோப்பாவின் தடையில்லா ஒற்றைச் சந்தையில் மட்டும் தொடர்ந்து இடம் வேண்டும் என்றது.

அவர் கவலையை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். விவசாயம், சுற்றுச்சூழல், மீன்பிடி எல்லாம் 1999 முதலே கார்டிஃப் பொறுப்பு. ஆனால் மேலே ஐரோப்பிய விதிகள் இருந்தன, அதை மீறி யாரும் போக முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடிச் சாவி சங்கச் செயலாளரிடம் இருக்குமே, அப்படி. இப்போது சங்கமே வேண்டாம் என்று வந்தாயிற்று. சாவி யாருக்கு? அந்தந்த வீட்டுக்கு ஒன்று என்பதுதான் நியாயம். லண்டன் (பிரிட்டிஷ் அரசு) கொண்டுவந்த வெளியேற்ற மசோதாவின் 11-ஆம் பிரிவோ, முதலில் எல்லாச் சாவியையும் என்னிடம் கொடுங்கள், அப்புறம் பார்த்துப் பிரித்துத் தருகிறேன் என்றது.

அதற்கு மாற்றாக, ஐரோப்பிய விதிகளை வெல்ஷ் சட்டமாகவே தொடரவைக்கும் ஒரு தொடர்ச்சிச் சட்டத்தை வேல்ஸே போட்டுக்கொள்ள வேண்டும் என்று முன்மொழிந்தவர் ஸ்டெஃபன். 2017 கடைசியில் அவருக்குக் குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவிலும் அவைக்கு வந்தார். 2018 மார்ச்சில் அவசரச் சட்டமாக அது நிறைவேறியது. லண்டன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஏப்ரலில் வெல்ஷ் லேபர் அரசு லண்டனோடு உடன்பாட்டுக்கு வந்தது: 24 துறைகளில் மட்டும் அதிகாரம் தற்காலிகமாக உறைந்திருக்கும், அதிகபட்சம் ஏழு வருஷம். பிளைட் கட்சி கொதித்தது. அந்த வருஷ நவம்பருக்குள் தொடர்ச்சிச் சட்டமே ரத்தாகிவிட்டது. 2019 ஜனவரியில் ஸ்டெஃபன் போய்ச் சேர்ந்தார். வயது 34.

அவர் பயந்தது நடந்ததா? நடந்தது, ஆனால் அவர் காவல் நின்ற வாசல் வழியாக நடக்கவில்லை என்பது என் வாதம். மிச்சத்தை நாளை எழுதுகிறேன், காலையில் ஏழு மணிக்கு மீட்டிங்.

---

ஈஸ்ட்ஹாம் இளங்கோ · 8 நவம்பர், இரவு 11.15

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி, மொட்டை மாடி உதாரணமும் ஜோர். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. வேல்ஸின் மொத்த ஜனத்தொகை 31 லட்சம். லண்டனில் நாலைந்து பரோவை (நகரப் பிரிவை) சேர்த்தால் அதில் பாதி வந்துவிடும். இவர்களுக்கு ஒரு பாராளுமன்றம், ஒரு முதல்வர், 2026 மே மாதத்திலிருந்து 60 உறுப்பினர் போய் 96 உறுப்பினர். அதைவிட முக்கியம்: சங்கத்தை விட்டுப் போகலாம் என்று கைதூக்கியதே வேல்ஸ்தான். ஸ்காட்லாந்து மாட்டேன் என்றது, வட அயர்லாந்து மாட்டேன் என்றது. இவர்கள் தானே குத்திவிட்டு இப்போது சாவியைக் காணோம் என்றால் எப்படி?

---

எண்கணக்கன் · 9 நவம்பர், காலை 7.02

கணக்கைச் சரியாக வைத்துக்கொண்டு சண்டை போடுங்கள்.

வேல்ஸில் வெளியேறு 8,54,572. 'இரு' (ஐரோப்பாவோடு இருப்போம்) 7,72,347. அதாவது 52.5 சதவீதம். 22 மாவட்டங்களில் 17 வெளியேறு. கார்டிஃப், வேல் ஆஃப் கிளமார்கன், மான்மவுத்ஷயர், கெரெடிகியான், குவினெத் ஆகிய ஐந்தும் 'இரு'. வெல்ஷ் மொழி அதிகம் பேசும் மேற்கின் இரண்டு மாவட்டங்களும், காசுள்ள தென்கிழக்கின் இரண்டும், தலைநகரமும் ஒரே பக்கம் நின்றது விசித்திரம்தான்.

இன்னொன்று. தனி அவையே இவர்கள் ஆசைப்பட்டு வாங்கியதில்லை. 1979-ல் கேட்டபோது ஐந்தில் நாலு பேர் வேண்டாம் என்றார்கள். 1997-ல் வெறும் 6,721 வாக்கு வித்தியாசத்தில் வேண்டும் என்று வந்தது, அதுவும் பாதிப் பேர்தான் வாக்களிக்கவே வந்தார்கள். சட்டம் போடும் முழு அதிகாரம் வேண்டுமா என்று 2011-ல் கேட்டபோது 63.5 சதவீதம் சரி என்றார்கள்.

---

டாக்டர் தங்கராசு · 9 நவம்பர், காலை 10.30

அந்த 6,721 வந்த ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளியோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு மாவட்டமாக வருகிறது, 'வேண்டாம்' முன்னால் நிற்கிறது. அவர் எழுந்து தூங்கப் போய்விட்டார். கடைசி மாவட்டமாகக் கார்மார்தன்ஷயர் வந்தது, எல்லாம் தலைகீழானது. நான் போய்க் கதவைத் தட்டி எழுப்பினேன். பைஜாமாவோடு வந்தவர் முதலில் நம்பவில்லை, அப்புறம் டீ போட்டார்.

நான் 1974-ல் இங்கே வந்தவன். இந்தப் பள்ளத்தாக்குகளில் கிளினிக் நடத்த அப்போது உள்ளூர் டாக்டர்கள் முன்வர மாட்டார்கள். நம் பக்கத்து ஆட்கள்தான் அதிகம், ஒரு தெருவுக்கு ஒரு படேலோ ராவோ ராஜனோ இருப்பார். மழை, நிலக்கரித் தூசி, நுரையீரல் நோய். அதே மண்ணில்தான் தேசிய மருத்துவ சேவைக்கே விதை. திரெடீகரில் தொழிலாளர்கள் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக் கொடுத்து மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவர் அனைரின் பெவன். எப்பு வேல் தொகுதி எம்.பி., 1948-ல் நாட்டுக்கே இலவச மருத்துவத்தைக் கொண்டுவந்த அமைச்சர். அந்த எப்பு வேலும் திரெடீகரும் இருப்பது எங்கே? பிளைனை குவென்டில்.

அதனால் இளங்கோ கேட்டது நியாயமான கேள்வி, நானும் என் நோயாளிகளிடம் கேட்டிருக்கிறேன். எப்பு வேலின் இரும்பாலை 2002-ல் மூடியது. அதற்குப் பிறகு ஐரோப்பியப் பணம் கொட்டியது உண்மை. இந்த மேற்கு வேல்ஸ் - பள்ளத்தாக்குப் பகுதியின் உற்பத்தி ஐரோப்பியச் சராசரியில் 75 சதவீதத்துக்கும் கீழே இருந்ததால் மூன்று சுற்று உதவி கிடைத்தது. புதுக் கல்லூரி, புதுச் சாலை, 2008-ல் திரும்ப ஓட ஆரம்பித்த ரயில். எங்கு பார்த்தாலும் நட்சத்திர வட்டம் போட்ட நீலப் பலகை. 2015-ல் பழைய ஆலை நிலத்திலிருந்து மேலே டவுனுக்கு ஏற ஒரு சாய்வு லிஃப்ட் வைத்தார்கள், கண்ணாடிப் பெட்டி தண்டவாளத்தில் ஏறும். நான் மூன்று தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவை 'பழுது' என்று போர்டு. மூன்றாம் தடவை மேலே போய் இறங்கினால் பாதிக் கடைகளின் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது.

ஒரு நோயாளி என்னிடம் சொன்னார், "ரோடு போட்டார்கள் டாக்டர், நல்ல ரோடு. என் பையன் அதில்தான் ஊரை விட்டுப் போனான்." அவர் வெளியேறு என்று குத்தினார். அவரை எப்படிக் குறை சொல்வது?

---

ஈஸ்ட்ஹாம் இளங்கோ · 9 நவம்பர், காலை 11.05

ஐயா, அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தப் பணத்தை எதில் போடுவது என்று முடிவு செய்தது பிரஸ்ஸல்ஸ் இல்லையே, கார்டிஃப் அரசுதானே?

---

டாக்டர் தங்கராசு · 9 நவம்பர், காலை 11.20

ஆமாம். அதையும் நான் மறுக்கவில்லை.

---

பவானி_நர்ஸ் · 9 நவம்பர், மாலை 6.48

நான் அரசியல் இழைகளில் எழுத மாட்டேன். ஆனால் வெல்ஷ் அவையில் இருப்பவர்கள் மருத்துவ சேவை பற்றிக் கவலைப்படுவதாகச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும் அழுகையும் வரும். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். வேல்ஸில் ஒரு அவசரப் பிரிவு, அவ்வளவு போதும்.

போன வாரம் ஒரு இரவு ட்யூட்டி. தாழ்வாரத்தில் சுவரோரமாக ஒன்பது டிராலி. ஏழாவதில் 84 வயசுப் பாட்டி. இடுப்பெலும்பு இல்லை, நெஞ்சுவலி இல்லை, வீட்டில் விழுந்துவிட்டார், அவ்வளவுதான். மருத்துவரீதியாக வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் வீட்டில் காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. அந்த ஆளை ஏற்பாடு செய்வது கவுன்சில் (உள்ளாட்சி). கவுன்சிலிடம் ஆள் இல்லை. அதனால் பாட்டி இங்கே. பாட்டி படுக்கையைப் பிடித்திருப்பதால் அடுத்தவர் தாழ்வாரத்தில். தாழ்வாரம் நிறைந்ததால் வெளியே ஆம்புலன்ஸ் வரிசை. ராத்திரி மூன்று மணிக்கு அந்தப் பாட்டி என்னிடம், "உனக்கு ஒரு பிஸ்கட் வேண்டுமா கண்ணு" என்று தன் தட்டை நீட்டினார். நான் அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

இதில் யார் குற்றம் என்று கேட்டால் இழையின் கேள்விக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி, கவுன்சில், கேர் ஹோம் எல்லாம் கார்டிஃபின் கீழே. ஆனால் ஆள் எடுக்க விசா யார் கையில்? லண்டன். முன்பு ஸ்பெயின், போர்ச்சுகல், ருமேனியாவிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், விசாவே தேவையில்லை. அது நின்ற பிறகு நம் ஊர்க்காரர்களைத் தேடிப் போனார்கள். 2024 மார்ச்சில் அப்போதைய சுகாதார அமைச்சர் எலினெட் மோர்கன் (பின்னர் முதல்வரானவர்) கேரள அரசோடு 250 பேருக்கு ஒப்பந்தமே போட்டார். என் வார்டிலேயே கோட்டயத்துப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், ராத்திரியில் மலையாளமும் தமிழும் வெல்ஷும் ஒரே மேஜையில் ஓடும். ஆனால் வீட்டுப் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் விசாவை 2025 ஜூலையில் லண்டன் மூடிவிட்டது. கார்டிஃபிடம் ஆஸ்பத்திரி இருக்கிறது, கதவு இல்லை.

அதற்காகக் கார்டிஃபைப் புனிதர் ஆக்கவும் மாட்டேன். பட்ஜெட்டில் பாதிக்கு மேல் மருத்துவத்துக்கே போகிறது, அப்படியும் காத்திருப்புப் பட்டியல் 7 லட்சத்துக்கு மேல். வடக்கே பெட்சி கட்வாலதர் சுகாதார வாரியத்தை 2015-ல் சிறப்புக் கண்காணிப்பில் வைத்தார்கள், 2020-ல் எடுத்தார்கள், 2023-ல் மறுபடியும் வைத்தார்கள். அந்த வாரியம் யாருக்குப் பதில் சொல்கிறது? அதில் லண்டனைக் குறை சொல்ல முடியாது.

---

எண்கணக்கன் · 9 நவம்பர், மாலை 7.10

பவானி அக்கா சொன்ன 7 லட்சம் சிகிச்சைகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை இல்லை. ஒரே ஆள் முழங்காலுக்கும் கண்ணுக்கும் காத்திருந்தால் இரண்டு என்று கணக்கு. மற்றபடி சரி.

---

பவானி_நர்ஸ் · 9 நவம்பர், மாலை 7.14

தெரியும் தம்பி. அந்த ஒரே ஆளுக்கும் இரண்டும் வலிக்கும்.

---

கரிசல்காற்று · 9 நவம்பர், இரவு 8.33

இதெல்லாம் நம் ஊர் மாநில சுயாட்சி, ஜிஎஸ்டி பங்கு, கவர்னர் விவகாரம் மாதிரியே இருக்கிறதே! 1974 தீர்மானத்தை எடுத்துப் பார்த்தால்

*[மீதி நீக்கப்பட்டது. அதற்குத் தனி இழை இருக்கிறது, 140 பக்கம் ஓடிவிட்டது. இங்கே வேல்ஸ் மட்டும். – மட்டுறுத்துநர்]*

---

மழைநாட்டான் · 9 நவம்பர், இரவு 10.05

சொன்ன மாதிரி மிச்சம்.

ஸ்டெஃபன் பயந்தது அந்த 24 துறை உறைவுக்கு. வேடிக்கை என்னவென்றால், அந்த உறைய வைக்கும் அதிகாரத்தை லண்டன் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தாமலே அது காலாவதியாகிவிட்டது. பார்த்தீர்களா, வீணாகப் பயந்தோம் என்று சொல்லலாம்தான். ஆனால் 2020 டிசம்பரில் உள்நாட்டுச் சந்தைச் சட்டம் வந்தது. செனெத் (கார்டிஃப் அவையின் இப்போதைய பெயர்) சம்மதம் தரவில்லை. (இரட்டை டி எழுதி 'த்' என்று சொல்வார்கள். நாம் 'அது' என்கிறபோது வருமே, அந்த மென்மையான த. இங்கிலீஷ்காரர்கள் தடுமாறுவார்கள், நமக்கு ரொம்ப சுலபம்.) சம்மதம் இல்லாமலே சட்டம் நிறைவேறியது. சம்மதம் கேட்பது ஒரு மரபு மட்டுமே, சட்டக் கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது.

அந்தச் சட்டம் கார்டிஃபிடமிருந்து எந்த அதிகாரத்தையும் பிடுங்கவில்லை. செனெத் எந்த விதி வேண்டுமானாலும் போடலாம். ஆனால் இங்கிலாந்தில் விற்கத் தகுதியான சரக்கு வேல்ஸிலும் விற்கத் தகுதியானதே. அப்புறம் அந்த விதி யாருக்கு? வெல்ஷ் தயாரிப்பாளருக்கு மட்டும். சாவி உன்னிடமே இருக்கட்டும், பூட்டை மட்டும் மாற்றிவிட்டேன் என்பது போல.

கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒரு உதாரணம்: பாட்டில். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் டெபாசிட் கிடைக்கும் திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டுவர நினைத்தார்கள். கண்ணாடிப் பாட்டிலும் சேர வேண்டும் என்றது வேல்ஸ். இங்கிலாந்து பிளாஸ்டிக்கும் டப்பாவும் போதும் என்றது. 2024 நவம்பரில் வேல்ஸ் பொதுத் திட்டத்திலிருந்தே விலகியது. தனியாகக் கண்ணாடியைச் சேர்த்து நடத்த வேண்டுமென்றால் அந்தச் சட்டத்திலிருந்து லண்டன் விலக்கு தர வேண்டும். பிரெக்சிட்டுக்கு முன்னால், 2011-ல், பிரிட்டனிலேயே முதலாவதாகக் கடையில் தரும் பைக்கு 5 பென்ஸ் கட்டணம் போட்ட அரசு இது. அன்றைக்கு யாரிடமும் விலக்குக் கேட்கவில்லை.

அடுத்தது காசு. 2014–2020 சுற்றில் பின்தங்கிய பகுதிகளுக்கான ஐரோப்பிய அமைப்பு நிதியாக வேல்ஸுக்கு வந்தது சுமார் 200 கோடி பவுண்ட். வெளியேறினாலும் அதே அளவு வரும் என்று கன்சர்வேட்டிவ் கட்சி 2019 தேர்தல் அறிக்கையிலேயே எழுதிக் கொடுத்தது. வந்தது பகிர்ந்த செழிப்பு நிதி என்று ஒன்று, மூன்று வருஷத்துக்கு 58.5 கோடி. அதுவும் செனெத்தைத் தாண்டி நேராகக் கவுன்சில்களுக்குப் போனது. அதே உள்நாட்டுச் சந்தைச் சட்டத்தின் ஒரு பிரிவுதான் லண்டனுக்கு அந்த வழியைத் திறந்துவிட்டது. காசு குறைந்ததுகூட எனக்குப் பெரிதில்லை. முன்பு ஏழு வருஷத்துக்கு ஒரு திட்டம் இருக்கும், கல்லூரியும் பல்கலைக்கழகமும் அதை நம்பி ஆள் எடுப்பார்கள். இப்போது வருஷக் கடைசியில் செலவு செய்து முடி என்று விரட்டல்.

ரயிலை விட்டுவிட்டேன். லண்டன்–பர்மிங்காம் அதிவேக ரயிலை 'இங்கிலாந்து மற்றும் வேல்ஸ்' திட்டம் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். வேல்ஸில் ஒரு முழம் தண்டவாளம்கூட இல்லை. அந்த வகைப்பாட்டால் ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் விகிதப் பங்கு கிடைத்தது, வேல்ஸுக்குக் கிடைக்கவில்லை. 2025 ஜூனில் வெல்ஷ் ரயிலுக்குப் பத்து வருஷத்தில் 44.5 கோடி தருகிறோம் என்றார்கள். சரி, வந்தவரை லாபம்.

---

கோண்டாவில் குமரன் · சுவான்சி · 10 நவம்பர், காலை 8.20

மழைநாட்டான் அண்ணை, நல்ல விளக்கம். ஆனால் கிட்ட இருக்கிற அரசாங்கம் எண்டால் எங்கட சொல்லைக் கேக்கும் எண்டு நினைக்காதேங்கோ. எனக்கு ஒரு பழைய காயம் இருக்கு.

கார்மார்தன்ஷயரில் ஸ்கந்த வேல் எண்டு ஒரு ஆச்சிரமம். இலங்கையில இருந்து வந்த ஒரு சாமியார் 70களில் தொடங்கினது. முருகன் கோயில் இருக்கு, எங்கட சனம் லண்டனில இருந்தெல்லாம் பஸ் பிடிச்சு வரும். 2007-ல் அங்க இருந்த ஷம்போ எண்ட காளைக்கு மாட்டுக் காசநோய் பரிசோதனையில 'இருக்கு' எண்டு வந்திட்டுது. ஆறு வயசு. கொல்ல வேணும் எண்டு உத்தரவு. அந்த முடிவு லண்டனில எடுத்தது இல்லை, கார்டிஃப் அரசு எடுத்தது. விலங்கு நலம் அவையிட கையில வந்திருந்த காலம். கோயில் கோர்ட்டுக்குப் போச்சு. ஜூலை 16 உயர் நீதிமன்றம் கோயில் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கார்டிஃப் அப்பீல் போட்டு ஒரே கிழமைக்குள்ள தீர்ப்பை மாத்திச்சு. ஜூலை 26 ஆம் திகதி பஜனை நடந்துகொண்டிருக்கேக்கையே பொலிஸ் ஆக்களைத் தூக்கி வெளியில விட்டிட்டு ஷம்போவைக் கொண்டுபோனாங்கள். என்ர அம்மா டிவியைப் பார்த்து அழுதது இப்பவும் கண்ணில நிக்குது.

பக்கத்துப் பண்ணைக்காரரைக் கேட்டால் அவர் சொன்னது வேற. "என்னுடைய மாடுகளை எத்தனை தரம் கொண்டுபோனார்கள், ஒரு கமராவும் வரவில்லை" எண்டார். அவருக்கும் பதில் சொல்ல ஏலாது. நான் சொல்லுறது, அதிகாரம் எங்க இருக்கு எண்டதை மட்டும் கதைச்சால் காணாது. அது ஆரைக் கேக்குது எண்டும் பாக்க வேணும்.

---

எண்கணக்கன் · 10 நவம்பர், மதியம் 1.15

குமரன் பண்ணைக்காரரைக் கொண்டுவந்ததால் ஒரு காட்சி. 2024 மார்ச்சில் செனெத் படிக்கட்டில் 5,500 ஜோடி ரப்பர் பூட்ஸை வரிசையாக வைத்தார்கள். புதிய விவசாய மானியத் திட்டத்தால் அத்தனை வேலை போகும் என்று அரசின் சொந்த ஆய்வே கணக்குச் சொன்னது, ஒரு வேலைக்கு ஒரு ஜோடி. ஐரோப்பிய மானியம் நின்ற பிறகு, முழுக்க முழுக்கக் கார்டிஃபே வடிவமைத்த திட்டம் அது. நிலத்தில் பத்தில் ஒரு பங்கு மரம் வேண்டும் என்றது. மலையில் ஆடு மேய்ப்பவனிடம்! எதிர்ப்புக்குப் பிறகு அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். 2026 ஜனவரியில் திட்டம் தொடக்கம்.

ஆக, மழைநாட்டான் சொல்லும் மொட்டை மாடியில் ஒரு மூலைச் சாவி உண்மையாகவே கார்டிஃபுக்கு வந்தது. வந்ததும் முதல் வேலையாகக் காயப்போட்ட துணியை நனைத்துவிட்டார்கள்.

---

மழைநாட்டான் · 10 நவம்பர், இரவு 9.30

குமரனுக்கும் கணக்கனுக்கும் சேர்த்து: ஒத்துக்கொள்கிறேன். ஷம்போ விஷயம் எனக்குத் தெரியாது, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வித்தியாசம் மட்டும் சொல்கிறேன். பூட்ஸை எங்கே கொண்டுவந்து வைத்தார்கள்? கார்டிஃப் படிக்கட்டில். அங்கே வைத்தால் பலன் உண்டு என்று அவர்களுக்குத் தெரியும், பலனும் கிடைத்தது. பகிர்ந்த செழிப்பு நிதிக்கோ பாட்டிலுக்கோ பூட்ஸை எந்தப் படிக்கட்டில் வைப்பது? எந்தத் தவறுக்கு யார் பொறுப்பு என்றே தெரியாமல் போவதுதான் எனக்குப் பயம். பவானி அக்கா சொன்ன பாட்டி விஷயமே அப்படித்தான். கார்டிஃபைக் கேட்டால் விசா என்பார்கள், லண்டனைக் கேட்டால் உங்கள் ஆஸ்பத்திரி என்பார்கள்.

---

ஈஸ்ட்ஹாம் இளங்கோ · 11 நவம்பர், காலை 9.12

படிக்கட்டுக் கதைக்கு ஒரு மதிப்பெண் தருகிறேன். ஆனால் படிக்கட்டு கிட்ட இருந்தும் எப்போதும் கேட்பதில்லையே. 2023-ல் ஊருக்குள் வேக வரம்பை மணிக்கு 20 மைல் ஆக்கினார்கள், எதிர்த்து நாலரை லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. வரம்பு இன்னும் இருக்கிறது. நான் போன கோடையில் டென்பி போகும்போது எனக்கே அபராதம் வந்தது. (இதுதான் என் கோபத்தின் உண்மைக் காரணம் என்று வீட்டம்மா சொல்கிறார், நம்ப வேண்டாம்.)

அப்புறம் காசு. அதிகாரம் வேண்டும் என்பவர்கள் வரியும் போட்டுக் காட்டட்டும். 2019 ஏப்ரலிலிருந்து வருமான வரியில் ஒவ்வொரு படியிலும் 10 பென்ஸ் கார்டிஃப் கையில். கூட்டலாம், குறைக்கலாம். இதுவரை அப்படியே இங்கிலாந்து விகிதத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

---

டாக்டர் தங்கராசு · 11 நவம்பர், மாலை 4.40

இளங்கோ, அந்த 20 மைல் வரம்புக்கு நான் ஆதரவு. 30 வருஷம் சாலையில் அடிபட்ட பிள்ளைகளைப் பார்த்தவன். அபராதத்தைக் கட்டிவிடுங்கள்.

வரியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் ஏழை ஊரில் வரியைக் கூட்டினால் என்ன வந்துவிடும்? பார்னெட் சூத்திரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் செலவு கூடினால் ஜனத்தொகை விகிதப்படி வேல்ஸுக்கும் கூடும். தலைக் கணக்கு, நோய்க் கணக்கு இல்லை. இங்கே வயதானவர் அதிகம், சீக்காளி அதிகம். வேல்ஸின் நிதியை ஆராய்ந்த ஹோல்தம் ஆணையம் 2010-ல் உட்கார்ந்து கணக்குப் போட்டு, இங்கிலாந்தில் ஒருவருக்கு 100 என்றால் இங்கே சுமார் 115 வேண்டும் என்றது. அப்புறம் கொஞ்சம் திருத்தினார்கள், கூடுதலாக 5 சதவீதம் சேர்த்துத் தருகிறார்கள். அது நல்லது. பிளாக் லங் (கரித்தூசி நுரையீரல் நோய்) பிடித்தவன் மூச்சுக்கு ஜனத்தொகை விகிதம் தெரியாது.

ஸ்டெஃபன் லூயிஸை ஒரு கூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். குரலை உயர்த்தாமல் பேசினார். இவன் ஏன் இந்தக் கட்சியில் இருக்கிறான், லேபரில் இருந்திருக்கலாமே என்று அன்றைக்கு நினைத்தேன். நான் அப்போது லேபர்.

---

கோண்டாவில் குமரன் · 11 நவம்பர், மாலை 5.05

இப்ப ஐயா?

---

டாக்டர் தங்கராசு · 11 நவம்பர், மாலை 5.11

வாக்குப் பெட்டிக்கும் எனக்கும் உள்ள விஷயம் தம்பி.

---

பவானி_நர்ஸ் · 12 நவம்பர், காலை 11.50

நைட் முடித்து இப்போதுதான் எழுந்தேன். ஒரு சந்தேகம். நான் இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான், விசாவில் இருக்கிறேன். 2026 மே மாதச் செனெத் தேர்தலில் நமக்கு வாக்கு உண்டா? வார்டில் கோட்டயத்துப் பெண்கள் இல்லை என்கிறார்கள்.

---

எண்கணக்கன் · 12 நவம்பர், மதியம் 12.20

உண்டு. இந்தியா, இலங்கை இரண்டும் காமன்வெல்த், சட்டப்படி இங்கே குடியிருந்தால் போதும். செனெத் தேர்தலில் அதையும் தாண்டி, எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும் சட்டப்படி குடியிருந்தால் வாக்கு உண்டு, 2020-ல் அவையே சட்டம் போட்டது. 16 வயசு போதும்.

முறை மாறியிருக்கிறது, கவனியுங்கள். 16 தொகுதி, தொகுதிக்கு ஆறு பேர். ஆளுக்குக் குத்த முடியாது, கட்சிப் பட்டியலுக்குத்தான் குத்த வேண்டும். தொகுதிப் பெயர்களும் வெல்ஷில். மழைநாட்டான் இனி காஸ்நெவித் இஸ்லுவின்வாசி.

---

மழைநாட்டான் · 12 நவம்பர், மதியம் 12.41

ஆளுக்குக் குத்த முடியாது என்பது எனக்குப் பிடிக்கவில்லை. அது வேறு இழை.

அக்கா, ஆன்லைனில் பதிவு செய்யலாம். நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

பவானி_நர்ஸ் · 12 நவம்பர், மாலை 6.30

பதிவு பண்ணியாச்சு. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆங்கிலமா வெல்ஷா என்று கேட்டது, ஆசைக்கு வெல்ஷை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தேன். லிங்கை வார்டு வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறேன், அதற்குள் நாலு பேர் முடித்துவிட்டார்கள்.

ஏழாவது டிராலிப் பாட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறார், இப்போது வார்டுக்குள். ட்யூட்டிக்குக் கிளம்புகிறேன்.